கெரி இன்டர்மீடியட் சாம்பியன்ஷிப்: சீனியரில் 8 கிளப் மட்டும் என்பது நியாயமா?

டிராலிவாசி
2025 பிப்ரவரி 8, இரவு 9:40

போன மாதம் டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் நடந்த கேலிக் கால்பந்தின் அகில அயர்லாந்து இன்டர்மீடியட் (சீனியருக்கு அடுத்த தட்டு) கிளப் இறுதிப்போட்டியைப் பார்த்ததிலிருந்து ஒரு விஷயம் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மேயோ கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கிராஸ்மொலினாவும் டெரி கவுண்டியின் பாலின்டெரியும் மோதின. பழைய ஆட்களிடம் இந்த இரண்டு பெயரைச் சொன்னாலே முகம் மலரும். 2001இல் அகில அயர்லாந்து சீனியர் கிளப் சாம்பியன் கிராஸ்மொலினா. அடுத்த வருஷமே, 2002இல், பாலின்டெரி. நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற இரண்டு கிளப்பும் இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, இரண்டாம் தட்டுக் கோப்பைக்காக ஒரே மைதானத்தில் நின்றன. கிராஸ்மொலினா ஜெயித்தது.

அரையிறுதியில் அவர்கள் வீழ்த்தியது எங்கள் கெரி கவுண்டியில் டிராலியின் ஆஸ்டின் ஸ்டாக்ஸை. ஸ்டாக்ஸும் 1977இல் அகில அயர்லாந்து கிளப் பட்டம் வாங்கிய அணிதான். 2021இல் கெரி சீனியர் சாம்பியன். மன்ஸ்டர் மாகாண இறுதி வரை போய் கார்க்கின் செயின்ட் ஃபின்பார்ஸிடம் தோற்றார்கள். அப்படிப்பட்ட கிளப் கொஞ்ச காலத்திலேயே சீனியரிலிருந்து கீழே இறங்கியது. மறுபடி ஏற 2024 இன்டர்மீடியட் கோப்பையை ஜெயிக்க வேண்டியிருந்தது. கருப்பும் அம்பர் மஞ்சளுமான அந்த ஜெர்சியை இன்டர்மீடியட் ஆட்டத்தில் பார்த்தபோது, என் பக்கத்தில் நின்ற பெரியவர் முதல் பத்து நிமிஷம் வாயே திறக்கவில்லை.

காரணம் இதுதான். கெரியில் சீனியர் கிளப் இடம் மொத்தம் 8. வருஷத்துக்கு ஒன்று இறங்கும், ஒன்று ஏறும். அதற்குக் கீழே இன்டர்மீடியட்டில் 16 கிளப், நாலு நாலாக 4 குரூப். குரூப்புக்கு இரண்டு அணி காலிறுதிக்குப் போகும். கடைசியில் ஒரே ஒரு கிளப்புக்குக் கதவு திறக்கும். மற்ற 15 பேரும் அடுத்த வருஷம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதை மாற்ற வேண்டும், சீனியரை 12 ஆக்க வேண்டும் என்று இங்கே பேசுகிறவர்கள் உண்டு. என் கருத்து: 8 அப்படியே இருக்கட்டும். கெரியில் ஒரு தேவாலயப் பங்கு (அதாவது ஒரு ஊர்) தன் சொந்தப் பெயரில், தன் சொந்தப் பையன்களை மட்டும் வைத்துக்கொண்டு உயிரைக் கொடுத்து ஆடுவது இன்டர்மீடியட்டில்தான். அதை நீர்த்துப்போக விடக்கூடாது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

புதுவரவு
2025 பிப்ரவரி 8, இரவு 10:25

அண்ணா, நான் லிமெரிக் வந்து எட்டு மாசம்தான் ஆகுது. ஆபீஸ்ல எல்லாரும் திங்கட்கிழமை காலைல இதைப் பத்திதான் பேசுறாங்க, எனக்கு ஒண்ணும் பிடிபடல. சீனியர்ல 8 கிளப்னு சொல்றீங்க. ஆனா கெரி சீனியர் கோப்பையை ஈஸ்ட் கெரின்னு ஒரு டீம் ஜெயிச்சதா படிச்சேன். அது எந்த ஊர் கிளப்? அப்புறம் ஸ்கோர் ஏன் 1-11ன்னு கோடு போட்டு எழுதுறாங்க?

டிராலிவாசி
2025 பிப்ரவரி 8, இரவு 11:05

நல்ல கேள்வி தம்பி. ஸ்கோர் சுலபம். கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3. கம்பிக்கு மேலே, இரண்டு கம்பத்துக்கும் நடுவில் போனால் பாயின்ட், அதற்கு 1. 1-11 என்றால் ஒரு கோல், பதினொரு பாயின்ட். மொத்தம் 14. கோலுக்குப் பச்சைக் கொடி, பாயின்டுக்கு வெள்ளைக் கொடி. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கம்பத்தோரம் நிற்பவர் அம்பயர், அவர்தான் கொடி காட்டுவார். இந்த வருஷப் புது விதிப்படி 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் 2. அதற்கு ஆரஞ்சுக் கொடி.

ஈஸ்ட் கெரி ஒரு கிளப் இல்லை. இங்கேதான் கெரியின் தனித்தன்மை இருக்கிறது. கவுண்டி சீனியர் சாம்பியன்ஷிப்பில் 8 சீனியர் கிளப்போடு 8 டிவிஷன் அணிகளும் ஆடும். ஈஸ்ட் கெரி, மிட் கெரி, சவுத் கெரி, வெஸ்ட் கெரி, செயின்ட் கீரன்ஸ், செயின்ட் பிரெண்டன்ஸ், ஃபீல் ரேஞ்சர்ஸ், ஷானன் ரேஞ்சர்ஸ். சீனியர் அல்லாத கிளப்களில் இருக்கும் நல்ல ஆட்டக்காரர்களை அந்தந்தப் பகுதி ஒன்றாகச் சேர்த்து இறக்கும். ஃபோசா, கிளென்ஃப்ளெஸ்க், நீவ்கில்லா மாதிரி கிளப் பையன்கள் சேர்ந்தால் அது ஈஸ்ட் கெரி. 2019, 2020, 2022, 2023 என்று நாலு தடவை கெரி சீனியர் கோப்பையான பிஷப் மொய்னிஹன் கோப்பையை அள்ளிக்கொண்டு போனார்கள். டேவிட் கிளிஃபோர்ட் அவர்கள் பக்கம் இருந்தார் என்பதைச் சொன்னால் போதும்.

ஆனால் டிவிஷன் அணி கெரியைத் தாண்டிப் போக முடியாது. அது ஜெயித்தால், தனியாக நடக்கும் சீனியர் கிளப் சாம்பியன்ஷிப்பில் வென்ற கிளப்தான் மன்ஸ்டருக்குப் போகும். 2022இல் அப்படிப் போன கெரின்ஸ் ஓ'ராஹிலீஸ் மன்ஸ்டர் பட்டத்தையே வாங்கிவிட்டார்கள்.

ஓமா_மழை
2025 பிப்ரவரி 9, காலை 8:15

டிராலிவாசி, உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் இங்கே டைரோன் கவுண்டியில் இருந்து பார்த்தால் படம் வேறு மாதிரி தெரியும். எங்கள் சீனியரில் 16 கிளப். குரூப் கிடையாது, முதல் ஆட்டத்திலிருந்தே தோற்றால் வெளியே. அந்த 16 பேரையும் கழித்துவிட்டுத்தான் எங்கள் இன்டர்மீடியட் ஆரம்பிக்கிறது. ஆக, எங்கள் இன்டர்மீடியட் சாம்பியன் கணக்குப்படி கவுண்டியின் 17ஆவது கிளப். உங்களுடையது 9ஆவது கிளப். இந்த இரண்டையும் ஜனவரியில் குரோக் பார்க்கில் நேருக்கு நேர் நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

2023 ஜனவரியில் நான் அங்கே இருந்தேன். டைரோனின் கால்பலி பியர்ஸஸ், எதிரே கெரியின் ராத்மோர். கால்பலி ஒரு சின்ன கிராமம். எதிரணியில் அகில அயர்லாந்து பதக்கம் வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத ஷேன் ரயன், பால் மர்ஃபி. ராத்மோர் ஜெயித்தது. நல்லா ஆடித்தான் ஜெயித்தார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் 2022இல் அயர்லாந்தையே வென்ற கெரி அணியின் ஆட்டக்காரர்கள் "இரண்டாம் தட்டு" கோப்பையைத் தூக்கும்போது, நம் பக்கத்துக் குழந்தைகள் அழுவதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

பட்டியலைப் பாருங்கள். ஆர்ட்ஃபர்ட் 2007, செயின்ட் மைக்கேல்ஸ்-ஃபாய்ல்மோர் 2009, மில்டவுன்-காசில்மெய்ன் 2012, மறுபடி ஆர்ட்ஃபர்ட் 2015, கஹர்சிவீனின் செயின்ட் மேரிஸ் 2016, கில்கமின் 2019, ராத்மோர் 2023. எல்லாமே கெரி. இந்தப் போட்டி ஆரம்பித்தே 2003-04 சீசனில்தான். இது தற்செயலா?

லீ_நதிக்கரை
2025 பிப்ரவரி 9, காலை 10:50

ஓமா நண்பர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்குக் கார்க்கைப் பார்க்க வேண்டும். இங்கே 2020இல் தட்டுகளைப் புதிதாக அடுக்கினார்கள். மேலே பிரீமியர் சீனியர், அடுத்து சீனியர் ஏ, அதற்கும் கீழே பிரீமியர் இன்டர்மீடியட், இன்டர்மீடியட் ஏ. ஆக எங்கள் கவுண்டியின் இரண்டாம் தட்டு சீனியர் ஏ. அதில் ஜெயித்தவருக்கு மன்ஸ்டர் கிடையாது. கோப்பையைத் தூக்கினால் அதோடு அந்த வருஷம் முடிந்தது, மேலே ஏறிக்கொள்ளலாம். மன்ஸ்டர் இன்டர்மீடியட்டுக்குப் போவது மூன்றாம் தட்டான பிரீமியர் இன்டர்மீடியட் சாம்பியன்.

2023இல் அப்படிப் போனது கில் நா மார்ட்ரா. ஐரிஷ் மொழி பேசும் மஸ்க்ரி பகுதியில் இருக்கும் சின்னஞ்சிறு ஊர். மன்ஸ்டரை வென்று, 2024 ஜனவரியில் அகில அயர்லாந்து இறுதி வரை போனார்கள். அர்மாவின் கலிஹானாவிடம் தோற்றார்கள். அந்த ஊருக்குள் போகும் வழியெல்லாம் கொடி. வேலிக் கம்பம் ஒன்று விடாமல் கட்டியிருந்தார்கள்.

அதே 2023இல் சீனியர் ஏ ஜெயித்த நியூசஸ்டவுன் நவம்பரில் வீட்டில் உட்கார்ந்திருந்தது. அந்த வருஷம் மட்டையால் ஆடும் ஹர்லிங்கிலும் சீனியர் ஏ அவர்களுக்குத்தான். ஒரு கிராமப்புறக் கிளப் இரண்டு ஆட்டத்திலும் இரண்டாம் தட்டை ஒரே வருஷத்தில் வெல்வது சாதாரண விஷயமா? அதற்கு மேல் போக அவர்களுக்கு ஒரு ஆட்டம்கூட இல்லை. எனக்கு அது இன்னமும் ஆறவில்லை.

ஒவ்வொரு கவுண்டியும் தன் வசதிக்கு அளவுகோலை வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே தராசில் நிறுக்கிறார்கள். கெரியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

டிராலிவாசி
2025 பிப்ரவரி 9, பகல் 12:30

ஓமா நண்பரே, 9ஆவது, 17ஆவது கணக்கை மறுக்க மாட்டேன். அது வலுவான வாதம். ஆனால் பட்டியல் போடும்போது டைரோனையும் சேர்த்துப் போடுங்கள். குக்ஸ்டவுன் 2010இல் ஜெயித்தது, இறுதியில் எதிரணி கெரியின் ஸ்பா. அதே குக்ஸ்டவுன் 2013இல் மறுபடி ஜெயித்தது, எதிரணி கெரியின் ஃபினூக். ஃபினூக் யார்? 2009ஆம் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் பால் கால்வினின் கிளப். ஏமன் ஃபிட்ஸ்மாரிஸின் கிளப். 2018இல் உங்கள் மோய் கோப்பையைத் தூக்கியபோது அரையிறுதியில் தாண்டி வந்தது கெரியின் அன் கேல்டாக்ட்டை. உங்கள் 17ஆவது கிளப் எங்கள் 9ஆவதைப் பல தடவை மண்ணைக் கவ்வ வைத்திருக்கிறது. 16 கிளப் தோற்றால் வெளியே என்று ஆடும் கவுண்டியில் 17ஆவது கிளப்பும் இரும்பாகத்தான் இருக்கும்.

நட்சத்திரம் இருந்தால் போதும் என்பதும் இல்லை. ஃபோசாவைப் பாருங்கள். டேவிட், பாடி கிளிஃபோர்ட் அண்ணன் தம்பி இருவரும் அங்கே. 2023 ஜனவரியில் அகில அயர்லாந்து ஜூனியர் (இன்டர்மீடியட்டுக்கும் கீழ்த் தட்டு) பட்டம். அந்த வருஷமே இன்டர்மீடியட்டுக்கு ஏறினார்கள். டேவிட் 2022, 2023 இரண்டு வருஷமும் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர். 2023 இன்டர்மீடியட்டை வென்றது யார்? மில்டவுன்-காசில்மெய்ன். 2024? ஸ்டாக்ஸ். உலகத்திலேயே சிறந்தவன் என்று சொல்லக்கூடிய ஒருவனை வைத்துக்கொண்டும் அந்தக் கதவைத் திறக்க முடியவில்லை. ஆட்டத்துக்கு 15 பேர் வேண்டும். பதினான்காவது, பதினைந்தாவது ஆள் யார் என்பதில்தான் இன்டர்மீடியட் தீர்மானமாகிறது.

நான் 8ஐ ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், 12 ஆக்கினால் டிவிஷன் அணிகள் உடையும். ஈஸ்ட் கெரியிலிருந்து இரண்டு கிளப்பை உருவினால் மீதி என்ன? வெலன்ஷியா தீவிலோ போர்ட்மகீயிலோ இருக்கும் பையனுக்கு சவுத் கெரி ஜெர்சி ஒன்றுதான் சீனியர் ஆட்டத்துக்கு வழி. கெரி தேர்வாளர்கள் அவனைப் பார்ப்பதும் அங்கேதான்.

கில்லார்னி_நர்ஸ்
2025 பிப்ரவரி 9, மாலை 4:10

நைட் டியூட்டி முடிந்து தூங்கி எழுந்து இப்போதுதான் படிக்கிறேன். எல்லாரும் கிளப் கணக்கு பேசுகிறீர்கள். ஆடுகிற பிள்ளைகள் கணக்கை ஒருவரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கில்லார்னிக்கு வெளியே ஒரு சின்னப் பங்கு. பதினோரு வருஷம் ஆகிறது. என் மகன் 13 வயதுக்குட்பட்டோர் அணியில். கிளப் பெயர் வேண்டாம். கிளப்பின் பெரிய அணி இன்டர்மீடியட்டில் ஆடுகிறது. அதில் முக்கியமான ஐந்தாறு பையன்கள்தான் டிவிஷன் அணியிலும். ஜூலையில் கவுண்டி சீசன் முடிந்ததும் கிளப் சீசன் ஆரம்பம். ஆகஸ்ட், செப்டம்பரில் இன்டர்மீடியட். அது முடிந்த கையோடு டிவிஷன். ஒரே கால், ஒரே முட்டி, வாரா வாரம். இத்தனைக்கும் யாருக்கும் சம்பளம் கிடையாது. திங்கட்கிழமை காலையில் ஒருத்தன் மாடு கறக்கப் போவான், இன்னொருத்தன் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போவான்.

போன வருஷம் ஒரு குரூப் ஆட்டம். டீ போடும் முறை எனக்கு. ஹாலில் பன்றி இறைச்சி சாண்ட்விச் அடுக்கிக்கொண்டிருந்தேன். இடைவேளையில் எங்கள் நடுக்களக்காரன் கதவருகில் வந்து, "ஐஸ் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டான். கணுக்கால் என் மணிக்கட்டு அளவுக்கு மேலே புடைத்துக்கொண்டு நின்றது. நான் நர்ஸ் என்று அவனுக்குத் தெரியும், அதனால் பயிற்சியாளரிடம் போகாமல் என்னிடம் வந்திருக்கிறான். ஆடாதே என்றேன். "நாங்கள் 19 பேர்தான் வந்திருக்கோம்" என்றான். 19 பேரில் இரண்டு பேர் பள்ளி மாணவர்கள், ஒருவருக்கு 41 வயது. டேப் சுற்றிவிட்டேன். இரண்டாம் பாதி முழுக்க ஆடினான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. சுற்றிவிட்டது சரியா என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதனால் 8ஆ 12ஆ என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. 16 கிளப்புக்கு ஒரு கதவு என்று வைத்தால், காலிறுதிக்கு முன்பே பாதி கிளப்புக்கு அந்த வருஷம் செத்துப்போகிறது. அப்படியும் உடைந்த காலோடு ஆடுகிறார்கள், ஏனென்றால் கீழே ஜூனியர் பிரீமியருக்கு இறங்கும் பயம். இரண்டு ஏறட்டும், இரண்டு இறங்கட்டும். ஒரு வருஷம் தவறினாலும் அடுத்த வருஷம் முடியும் என்ற நம்பிக்கை இருந்தால், காயம்பட்ட பையனை உட்கார வைக்கப் பயிற்சியாளருக்குத் தைரியம் வரும்.

ஓமா_மழை
2025 பிப்ரவரி 9, மாலை 6:00

அக்கா, 19 பேர் என்று படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. இங்கேயும் அதே கதைதான். பக்கத்துப் பங்கோடு சேர்ந்து சின்னப் பையன்கள் அணியை ஓட்டுகிற கிளப்கள் உண்டு. பெரியவர்கள் ஆகும்போதுதான் தனித்தனி ஜெர்சி.

டிராலிவாசி, குக்ஸ்டவுன் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். மோயையும் மறந்துதான் போனேன், அது என் தப்பு. ஆனாலும் தேசிய அளவில் ஒரு வரையறை வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஒரு கவுண்டி தன் சீனியரில் குறைந்தது இத்தனை கிளப் வைக்க வேண்டும் என்று டப்ளின் தலைமையகத்திலிருந்து ஒரு விதி வரட்டும். டிவிஷன் அணிகளை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். அகில அயர்லாந்துக்கு அனுப்பும் கிளப் எது என்பதற்கு மட்டும் ஒரே அளவுகோல்.

லீ_நதிக்கரை
2025 பிப்ரவரி 9, மாலை 6:35

அக்கா சொன்ன இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 8 கிளப் தட்டில் வருஷம் இரண்டு இறங்கினால் அது நாலில் ஒரு பங்கு. புதிதாக ஏறின கிளப் மூச்சு விடுவதற்குள் கீழே வந்துவிடும். 2021இல் கோப்பை, அப்புறம் இன்டர்மீடியட் என்று ஸ்டாக்ஸுக்கு நடந்தது போல இன்னும் நிறைய நடக்கும். இரண்டு கதவு வேண்டுமென்றால் சீனியரை 10 ஆக்கித்தான் தீர வேண்டும். 10 கிளப், 8 டிவிஷன். 18 அணியை எப்படி குரூப் பிரிப்பது என்பது அடுத்த தலைவலி.

புதுவரவு
2025 பிப்ரவரி 9, இரவு 7:20

அக்கா, நடுக்களக்காரன் கதையை ரெண்டு தடவை படிச்சேன். சம்பளம் இல்லாமலா இவ்வளவும்?

இன்னொரு சந்தேகம். ஷேன் ரயன் கெரிக்கு கோல்கீப்பர்தானே? டிவில பார்த்திருக்கேன். ராத்மோருக்கும் கோல்கீப்பரா?

டிராலிவாசி
2025 பிப்ரவரி 9, இரவு 8:45

இல்லை தம்பி, அதுதான் அழகு. கெரிக்கு அவர் கோல் காப்பவர். ராத்மோருக்கு எதிர்ப்பக்கக் கோலுக்கு முன்னால் நிற்கும் ஃபுல் ஃபார்வர்ட். நாடே பார்க்கும் ஆட்டத்தில் கோல் விழாமல் தடுக்கிறவர், தன் பங்குக்கு ஆடும்போது கோல் போடுகிறவர். ஊருக்கு எது தேவையோ அந்த இடத்தில் நிற்பது. இன்டர்மீடியட் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான்.

சம்பளம் பற்றிக் கேட்டாய். ஒரு பைசா இல்லை. கெரிக்கு ஆடுகிறவருக்கும் இல்லை, போக்குவரத்துச் செலவு மாதிரிச் சில்லறைப் படிகள் மட்டும். கிளப்பில் அதுவும் கிடையாது. வாரா வாரம் லோட்டோ சீட்டு விற்று, மைதானத்து விளக்குக்குக் கரண்ட் பில் கட்டுகிறார்கள்.

இப்போது அக்காவுக்கு. உங்கள் பதிவைப் படித்துவிட்டு நடக்கப் போனேன், திரும்பி வரும்போது நான் பிடித்த பிடியில் ஒரு பகுதி தளர்ந்திருந்தது. போன வருஷம் இங்கே பக்கத்தில் ஒரு ஆட்டம் பார்த்தேன், தோற்றவர் கீழே இறங்கும் ஆட்டம். இரண்டு கிளப் பெயரும் சொல்லவில்லை. மழை பக்கவாட்டில் அடித்தது. ஆட்டம் சமநிலை. கடைசி நிமிஷத்தில் 45 மீட்டர் கோட்டில் ஒரு ஃப்ரீ. அடிக்க வந்தது கோல்கீப்பர், தன் கோலை விட்டுவிட்டு மைதானம் முழுக்க நடந்து வந்தான். அந்த நடை எனக்கு ரொம்ப நீளமாகத் தெரிந்தது. லைனில் நின்ற ஒருவர் துண்டை நீட்டினார், பந்தைத் துடைத்தான், துண்டே நனைந்திருந்தது. ஜெர்சிக்குள்ளே வயிற்றோடு சேர்த்துப் பந்தை மறுபடி துடைத்தான். இரண்டடி பின்னால் போய், மூன்றாவது அடியில் அடித்தான். பந்து இடது கம்பத்தின் உச்சியில் பட்டு வெளியே போனது. அம்பயர் இரண்டு கையையும் விரித்து வைட் என்று காட்டினார். அடுத்த பந்தில் எதிரணி பாயின்ட் போட்டது. முடிந்தது.

அவன் அம்மா என்று பிறகு தெரிந்தது, என் முன்னால் குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரிடம் பேசவில்லை. பேசாமல் ஆளுக்கொருவராக வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்கள், எதிரணிக்காரர்கள் உட்பட.

அந்த உக்கிரம் குறைந்துவிடக் கூடாது என்றுதான் 8ஐப் பிடித்து நின்றேன். ஆனால் அக்கா சொன்ன கணுக்கால் அந்த உக்கிரத்தின் விலை. லீ_நதிக்கரை சொன்ன 10 எனக்கு இப்போது ஏற்கத்தக்கதாகத் தெரிகிறது. இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம், 10 கிளப். டிவிஷன் அணிகளிலிருந்து இரண்டு கிளப்தான் உருவப்படும், அதைத் தாங்குவார்கள். ஓமா நண்பரின் தேசிய விதியில்தான் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. எந்தத் தட்டில் எத்தனை கிளப் என்பதை அந்தந்த மண்ணில் ஓடுகிறவர்கள் முடிவு செய்யட்டும்.

ஓமா_மழை
2025 பிப்ரவரி 9, இரவு 9:15

10க்கு வந்துவிட்டீர்கள், நான் 12இல் இருக்கிறேன். அடுத்த ஜனவரிக்குள் ஒருவரை ஒருவர் இழுத்துவிடலாம். தேசிய விதி விஷயத்தில் நான் நகரப்போவதில்லை. கால்பலிப் பிள்ளைகளின் முகம் எனக்கு மறக்காது.

கில்லார்னி_நர்ஸ்
2025 பிப்ரவரி 9, இரவு 9:50

டிராலிவாசி அண்ணா, அந்த கோல்கீப்பர் இந்த வருஷம் ஆடுகிறானா?

டிராலிவாசி
2025 பிப்ரவரி 9, இரவு 10:20

ஆடுகிறான் அக்கா. நேற்றுகூடப் பார்த்தேன். மார்ச்சில் லீக் ஆரம்பிப்பதால் அவர்கள் மைதானத்தில் புது 40 மீட்டர் வளைவுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள், நானும் கைகொடுக்கப் போனேன். கோல் கோட்டின் நட்டநடுவில் ஒரு முளைக்குச்சி அடித்து, 40 மீட்டர் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்தபடி ஒருவர் வளைந்து நடக்க வேண்டும். பின்னாலேயே பெயின்ட் வண்டி. கயிறு தொய்ந்தால் கோடு கோணல். நேற்று கயிற்றைப் பிடித்து நடந்தது அவன்தான். ஒரு பக்கம் முடிவதற்குள் மழை வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை காலை 10 மணிக்கு மறுபக்கம். டிராலிப் பக்கம் யாராவது சும்மா இருந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள், இடம் சொல்கிறேன். பழைய ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள், பெயின்ட் போகவே போகாது.

புதுவரவு
2025 பிப்ரவரி 9, இரவு 10:32

நான் வர்றேன் அண்ணா. லிமெரிக்லேர்ந்து காலைல முதல் பஸ்ஸைப் பிடிச்சா 10 மணிக்கு வந்துட முடியுமா?